இரண்டு புள்ளி, ஒரு கோடு

தாரின் பாகுநிலை எவ்வளவு என்று யாராவது கேட்டால், எத்தனை பாகையில் என்று திருப்பிக் கேட்பேன். கேட்டவருக்குச் சில நேரம் எரிச்சல் வரும். வேறு வழியில்லை. சீகிரியா வெயிலில் றோட்டின் மேற்பரப்பு 60 பாகையைத் தொடும்போது, நாம் வழமையாகப் பாவிக்கும் 60/70 தாரின் பாகுநிலை ஏறத்தாழ இரண்டரை இலட்சம் சென்டிபாய்ஸ். அதே தாரை 135 பாகைக்குச் சூடாக்கினால் 400. அறைச் சூட்டில் தண்ணீருக்கு 1 என்பது நினைவிலிருந்தால் இந்த எண்களின் அளவு விளங்கும். 75 பாகை இடைவெளிக்குள் அறுநூறு மடங்குக்கு மேல் மாறுகிற பொருளுக்கு ஒற்றை எண் என்று ஒன்று இருக்க முடியாது. இருப்பது ஒரு கோடு. நாம் அளப்பது அந்தக் கோட்டில் ஒன்றிரண்டு புள்ளிகளைத்தான். மிச்சமெல்லாம் கணிப்பு.

இந்த வேலைக்கு நான் றோட்டு வழியாக வரவில்லை, எண்ணெய்க் கிணற்று வழியாக வந்தேன். மாத்தளையில் உயர்தரம் படித்து, இரசாயனத்தில் டிப்ளோமா ஒன்றை முடித்துக்கொண்டு, எங்கள் பக்கத்து இளைஞர்கள் பலரையும்போல மத்திய கிழக்குக்குப் போனேன். ஓமானில் எண்ணெய் வயல்களுக்குச் சேவை செய்யும் ஒரு நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலை. தெற்கு ஓமானில் கன எண்ணெய் வயல்கள் உண்டு. அவற்றில் பேர்பெற்றது முக்கைஸ்னா. 2005இல் ஒக்சிடென்டல் நிறுவனம் அதைப் பொறுப்பேற்றது. நிலத்துக்கடியில் நீராவியைச் செலுத்தி, எண்ணெயை இளக்கி எடுக்கும் பெரிய வேலை அங்கே நடந்தது. மசகு எண்ணெய் என்றால் மண்ணெண்ணெய் மாதிரி ஓடும் கறுப்புத் திரவம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். கன எண்ணெய்ப் போத்தலைச் சரித்தால் உள்ளே இருப்பது ஆறிய கித்துள் பாணியைப்போல யோசித்து யோசித்து இறங்கும்.

எண்ணெயின் கனத்தைச் சொல்ல அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகம் வகுத்த ஒரு அளவுகோல் இருக்கிறது. ஏபிஐ என்று சொல்வோம். அதில் தண்ணீருக்கு 10. எண் குறையக் குறைய எண்ணெய் கனம். 22.3க்குக் கீழே போனால் கன எண்ணெய். 10க்கும் கீழே போனால் தண்ணீரில் தாழும். கனடாவின் அல்பர்ட்டா மாகாணத்தில் மணலோடு கலந்து கிடப்பதும், வெனிசுவேலாவின் ஒரினோக்கோ ஆற்றுப் பகுதியில் கிடப்பதும் இந்தக் கடைசி வகையை ஒட்டியவை. அல்பர்ட்டாவின் அதபாஸ்கா எண்ணெய்க்கு நிலத்தடிக் குளிரில் பத்து இலட்சம் சென்டிபாய்ஸுக்கு மேல் பாகுநிலை உண்டு. றோட்டுக்கு ஊற்றும் தாருக்கும் அதற்கும் உறவு நெருக்கமானது. மசகு எண்ணெயைக் காய்ச்சி வடித்து, ஆவியாகக் கூடியதையெல்லாம் எடுத்த பிறகு அடியில் தங்குவதுதான் தார். கன எண்ணெயில் அந்த அடி அதிகம்.

எல்லாவற்றையும் அளந்துவிடலாமே, ஏன் கணிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு வயலில் நூற்றுக்கணக்கான கிணறுகள் இருக்கும். ஆய்வுகூடத்துக்கு வருவது கொஞ்சப் போத்தல். ஒரு போத்தலை மூன்று நான்கு வெப்பநிலைகளில் அளக்கத்தான் நேரமும் எண்ணெயும் போதும். பொறியியலாளர் கேட்பதோ வேறு. நிலத்தடியில் இப்போதுள்ள சூட்டில் எவ்வளவு, நீராவி பட்டு 200 பாகையைத் தாண்டிய பிறகு எவ்வளவு, இரவுக் குளிரில் குழாய்க்குள் எவ்வளவு, தாங்கியின் அடியில் எவ்வளவு. பம்பின் வலு, குழாயின் விட்டம், கிணற்றின் விளைச்சல் எல்லாம் இந்தப் பதில்களைப் பொறுத்தவை.

என் மேலதிகாரி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். நரிமணம் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பழகியவர். சமன்பாடுகளை விரல் நுனியில் வைத்திருந்த மனிதர். ஆனால் நான் கணக்குத் தாளோடு போய் நின்றால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“தம்பி, கணக்கு இருக்கட்டும். பாட்டிலைப் பாத்தியா?”

பாட்டிலைப் பார்ப்பது ஒரு படிப்பு. கன எண்ணெய் தண்ணீரைத் தனக்குள் நுண்ணிய துளிகளாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். முப்பது வீதம் தண்ணீர் அப்படிக் குழம்பாய்க் கலந்திருந்தால் பாகுநிலை சில மடங்கு கூடிவிடும். அந்தத் தண்ணீரைப் பிரிக்கச் சூடாக்கினால், எண்ணெயிலுள்ள இலேசான பகுதி ஆவியாகிப் போய், மிச்சம் இன்னும் தடிப்பாகும். இரண்டுமே எண்ணை மேலே தள்ளுகிற பிழைகள். நிலத்தடியில் எண்ணெய்க்குள் வாயு கரைந்திருக்கும். அந்த நிலையில் எண்ணெய் இளகி இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் வாயு போய்விடும். வாயு போன எண்ணெயைச் செத்த எண்ணெய் என்போம், வாயுவோடு இருப்பதை உயிர் எண்ணெய் என்போம். அறிக்கையில் எது என்று எழுதாமல் விட்டிருந்தால் அந்த எண்ணை எதனோடும் ஒப்பிட முடியாது.

அளக்கும் கருவிக்கும் தனிக் குணம் உண்டு. நாங்கள் பாவித்தது சுழல் தண்டு உள்ள பாகுநிலைமானி. தண்டு எண்ணெய்க்குள் சுழலும்போது படும் எதிர்ப்பை அது முறுக்குவிசையாகக் காட்டும். முழு அளவில் பத்து வீதத்துக்குக் கீழேயும் தொண்ணூறுக்கு மேலேயும் காட்டும் வாசிப்பை ஏற்கக்கூடாது. வேறு தண்டு மாற்ற வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். நல்ல எண்ணெய் எந்த வேகத்திலும் ஒரே பாகுநிலை காட்டும். வேகம் கூடப் பாகுநிலை குறைந்தால் உள்ளே மெழுகோ குழம்போ மணலோ இருக்கிறது என்று பொருள். எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெய் சூட்டுக்கு முழுதாக வரும்வரை பொறுக்க வேண்டும். வெப்பமானி 80 காட்டும். போத்தலின் நடுப்பகுதி இன்னும் 74இல் இருக்கும். கன எண்ணெயில் அந்த ஆறு பாகையே ஒரு பெரிய பிழை.

இதெல்லாம் சரியான பிறகுதான் கணக்கு.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதலில் செய்வது இரண்டு அளவுகளுக்கு நடுவே நேர்கோடு போடுவது. மேலே சொன்ன தாரையே எடுத்துக்கொள்வோம். 60 பாகையில் 2,50,000, 135இல் 400. சரி நடுவே 97.5 பாகையில் எவ்வளவு? சராசரி எடுத்தால் 1,25,200 வரும். உண்மை விடை 4,800க்குக் கிட்ட. இருபத்தாறு மடங்கு பிழை. பாகுநிலை சூட்டோடு சீராகக் குறைவதில்லை; முதலில் மடமடவென்று விழுந்து, பிறகு மெல்ல இறங்கும். இந்த வளைவை நேராக்கும் வழியை ஜேர்மனியரான வால்தர் 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் காட்டினார். பாகுநிலையின் மடக்கையை எடுத்து, அந்த விடைக்கு மறுபடி ஒரு மடக்கை எடுக்க வேண்டும். மறுபக்கம் தனிவெப்பநிலையின் மடக்கை. இரண்டையும் வரைபில் குறித்தால் எண்ணெய்களும் தார்களும் பெரும்பாலும் நேர்கோட்டில் வந்து உட்காரும். இரண்டு புள்ளி போதும், கோடு கிடைத்துவிடும். தொண்ணூறு வருடமாகியும் எண்ணெய் ஆய்வுகூடங்களில் இந்த வரைபு ஓயவில்லை.

கலவைக் கணக்கிலும் இதே இரட்டை மடக்கை வரும். கன எண்ணெயைக் குழாயில் அனுப்ப இலேசான எண்ணெய் கலந்து இளக்குவார்கள். அல்பர்ட்டாவிலிருந்து போகும் என்பிரிட்ஜ் குழாய்வழியில் 350 சென்டிஸ்டோக்ஸுக்கு (சென்டிபாய்ஸை அடர்த்தியால் வகுத்தால் வரும் அளவு) மேல் ஏற்கமாட்டார்கள். அங்கே எவ்வளவு கலப்பது என்பது காசுக் கணக்கு, ஏனென்றால் இலேசான எண்ணெய்தான் விலை கூடியது. 10,000 சென்டிஸ்டோக்ஸ் எண்ணெயையும் 10 சென்டிஸ்டோக்ஸ் எண்ணெயையும் நிறையில் பாதிக்குப் பாதி கலந்தால் சராசரி 5,005 என்று தோன்றும். வழமையாகப் பாவிக்கும் ரெபியூட்டாஸ் முறையில் கணக்கிட்டால் 107தான் வரும். இலேசானது எப்போதும் தன் பங்குக்கு மேல் வேலை செய்யும்.

இரண்டு புள்ளிகூட இல்லாத கிணறுகள் உண்டு. கையில் இருப்பது ஏபிஐ எண்ணும் வெப்பநிலையும் மட்டும். அப்போது பிறர் திரட்டிய தரவிலிருந்து பிறந்த சமன்பாட்டைக் கடன் வாங்குவோம். அவற்றில் எல்லாரும் அறிந்தது 1975இல் பெக்ஸும் ரொபின்சனும் வெளியிட்டது. அறுநூறு எண்ணெய்களிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அளவுகளைச் சேர்த்துச் செய்த வேலை. ஆனால் அந்த எண்ணெய்கள் ஏபிஐ 16க்கும் 58க்கும் இடைப்பட்டவை. வெப்பநிலை 70 பாகை பரனைட்டுக்குக் கீழே போகவில்லை. இதைக் கொண்டுபோய் ஏபிஐ 10 எண்ணெயில் பொருத்தினால் கணனி தயங்காமல் விடை சொல்லும். 100 பரனைட்டில் சுமார் 1,550 சென்டிபாய்ஸ் என்கும். 70 பரனைட்டில் 68,000 என்கும். முப்பது பாகை பரனைட்டுக்குள் நாற்பது மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. எண்ணெய் அப்படி நடந்துகொண்டதால் வந்த எண் இல்லை இது. தான் பிறந்த எல்லையை விட்டு வெளியே இழுக்கப்பட்ட சமன்பாட்டின் துள்ளல். தவிரவும், கன எண்ணெயில் அடர்த்தி நல்ல சாட்சியல்ல. ஒரே ஏபிஐ எண் கொண்ட இரண்டு கன எண்ணெய்கள் பாகுநிலையில் பத்து மடங்கு வேறுபடலாம். உள்ளே இருக்கும் அஸ்பால்டீன் என்ற கனமான கூறின் அளவு வேறாக இருந்தால் போதும்.

இப்போது இந்த வேலையை இயந்திரக் கற்றலிடம் கொடுக்கிறார்கள். நல்லது, நானும் பழகிப் பார்த்தேன். அதில் ஒரு பொறி இருக்கிறது. இளம் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான். ஒரே எண்ணெயை எட்டு வெப்பநிலைகளில் அளந்தால் தரவுத் தாளில் எட்டு வரிகள் வரும். வரிகளைக் கண்மூடிப் பிரித்து, முக்கால் பங்கைப் பயிற்சிக்கும் கால் பங்கைச் சோதனைக்கும் ஒதுக்கினால், சோதனையில் வரும் எண்ணெய் ஏற்கெனவே பயிற்சியில் வந்ததாகவே இருக்கும். வேறு வெப்பநிலையில், அவ்வளவுதான். கணிப்பு மாதிரி பிரமாதமாகத் தேறும். புதிய கிணற்றின் எண்ணெயைக் கொடுத்ததும் திணறும். வரி வரியாகப் பிரிக்கக்கூடாது, எண்ணெய் எண்ணெயாகப் பிரிக்க வேண்டும். பிழையையும் மடங்கில் பார்க்க வேண்டும். 50 சென்டிபாய்ஸில் நூறு பிழை என்றால் கணிப்புப் பாழ். இலட்சத்தில் நூறு பிழை என்றால் கருவிகூட அவ்வளவு துல்லியமாக அளக்காது. சதுரப் பிழைகளைப் பச்சையாகக் கூட்டினால் ஒரு சில மிகக் கன எண்ணெய்களே முழு மாதிரியையும் தம் பக்கம் இழுத்துவிடும்.

பழைய அறிக்கைகளைத் துடைத்துச் சீராக்குவதே பாதி வேலை. ஒருவர் சென்டிபாய்ஸில் எழுதியிருப்பார், ஒருவர் சென்டிஸ்டோக்ஸில். பரனைட்டும் செல்சியஸும் ஒரே நிரலில் கலந்து கிடக்கும். அளந்த எண்ணும் யாரோ கணித்து நிரப்பிய எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எந்த அடையாளமும் இல்லாமல். கணித்ததை அளந்ததாக எண்ணி அதிலிருந்து புதுச் சமன்பாடு பிறக்கும். பழைய சமன்பாட்டின் பிழை புதியதற்குள் அப்படித்தான் போய் உட்காருகிறது.

பிள்ளைகள் வளர்ந்ததும் ஊர் திரும்பினேன். மாத்தளை மாவட்டத்தில் கன எண்ணெய் எங்கே இருக்கிறது? றோட்டில் இருக்கிறது. வீதி ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தேன். சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையம் 1969இல் இயங்கத் தொடங்கியது, ஈரானிய இலகு மசகு எண்ணெயை நம்பி அமைத்தது. ஈரான் மீதான தடைகளுக்குப் பிறகு வேறு நாட்டு எண்ணெய்களைத் தேட வேண்டி வந்தது. 2022 பொருளாதார நெருக்கடியில் சைபீரிய எண்ணெயும் வந்தது. சந்தையில் உள்ளூர்த் தாரும் இருக்கும், கப்பலில் இறங்கிய தாரும் இருக்கும். பரலின் மேல் எல்லாவற்றுக்கும் 60/70 என்றுதான் அடித்திருக்கும்.

அந்த 60/70 எதைச் சொல்கிறது? 25 பாகையில் தாரின் மேல் நூறு கிராம் பாரமுள்ள ஊசியை ஐந்து செக்கன் விட்டால், மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்குக் கணக்கில் 60 முதல் 70 வரை இறங்கும் என்பதை. அவ்வளவுதான். ஒரு வெப்பநிலையில், ஒரு புள்ளி. ஈரானிய எண்ணெயின் அடியும் வேறொரு எண்ணெயின் அடியும் 25 பாகையில் ஒன்றாக நிற்கலாம். சூடு ஏற ஏறக் கோடுகள் பிரிந்துவிடும். சாய்வைச் சொல்வது மூல எண்ணெய், பரலின் முத்திரை அல்ல.

இது எங்களுக்கு ஏன் முக்கியம் என்றால், சல்லியோடு தாரைக் கலக்க ஒரு பாகுநிலையும், றோலர் உருட்ட ஒரு பாகுநிலையும் வேண்டும். கலக்கும்போது 170 சென்டிபாய்ஸை ஒட்டியும், உருட்டும்போது 280ஐ ஒட்டியும் இருப்பது உலகப் பொது வழக்கம். அதைவிடத் தடிப்பாக இருந்தால் கல்லைச் சுற்றித் தார் படியாது. உருட்டினாலும் உள்ளே வெற்றிடம் மிஞ்சும். மாரி மழை அதற்குள் இறங்கும். அதைவிட இளகினால் தார் வடியும், றோலருக்கு முன்னால் கலவை அலையாய்த் தள்ளும். நம் தாரின் இரண்டு புள்ளிகளை வால்தர் வரைபில் இட்டால் கலக்க 153 பாகை, உருட்ட 142 பாகை என்று வரும்.

இனாமலுவைச் சந்தியிலிருந்து சீகிரியாவுக்குப் போகும் பக்கம் ஒரு வேலை நடந்தது. காலை வெயில் ஏறுமுன் தொடங்கி, உல்லாசப் பயணிகளின் பஸ் வரிசை வருமுன் ஒரு பக்கத்தை முடிக்க வேண்டும். பொழுது பட்டால் யானை நடமாட்டம், அதனால் இரவு வேலை கிடையாது. தார்த் தாங்கியைப் பார்த்தவர் ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வந்த பெரியவர். தமிழர் சிங்களவர் எல்லாருக்கும் அவர் மாமா. புதுச் சரக்கு வந்திருந்த ஒரு காலை, வெப்பமானி 153 காட்டியது. ஓவசியர் மாத்தயா தொடங்கலாம் என்று கை காட்டினார். மாமா கம்பியை உள்ளே விட்டுத் தூக்கி, வடிவதைப் பார்த்தார்.

“சூடு சரியாத்தான் காட்டுது தம்பி. தாரு இன்னும் எளகல.”

“புகை வருதா மாமா?”

“நீலப் புகை வந்தா தாரு கருகிப் போச்சுன்னு அர்த்தம். அது இன்னும் தூரம். கொஞ்சம் ஏத்தலாம்.”

ஏற்றினோம். மாதிரியை எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினேன். 60 பாகையில் பழைய தாரின் அதே இரண்டரை இலட்சம். 135 பாகையில் 400 இல்லை, 550. கோடு போட்டுப் பார்த்தால் இந்தத் தாருக்குக் கலக்கும் சூடு 161, உருட்டும் சூடு 149. 153இல் அதன் பாகுநிலை 237. வேண்டியதைவிட நாற்பது வீதம் கூட. மாமாவிடம் மந்திரம் எதுவுமில்லை. வெப்பமானி அளந்தது சூட்டை. அவருடைய கம்பி அளந்தது நேரே பாகுநிலையை. பழைய தாரின் சூட்டைப் புதுத் தாருக்கும் செல்லும் என்று எடுத்துக்கொண்ட நாங்கள்தான் கணிப்புச் செய்துகொண்டிருந்தோம், அது கணிப்பு என்று தெரியாமலே.

ஆனால் கம்பி பார்ப்பது அந்தச் சூட்டை மட்டும். பஸ் நின்று புறப்படும் இடத்தில், நண்பகலில், 60 பாகைத் தார் சக்கரத்தின் கீழே எப்படி நடந்துகொள்ளும் என்பதை எந்தக் கம்பியும் சொல்லாது. கச்சான் காலத்து வரண்ட வெயிலில் சக்கரத் தடம் பள்ளமாக இறங்குவது அங்கேதான். அதற்கு 60 பாகை அளவு வேண்டும். அதுவும் பரலிலுள்ள தாரை மட்டும் பார்த்தால் போதாது. சூடான கல்லின் மேல் மெல்லிய படலமாகப் பரவும்போது தார் காற்றோடு வினைப்பட்டு இறுகும். 60 பாகைப் பாகுநிலை இரண்டு மூன்று மடங்காகும். அதனால்தான் ஆய்வுகூடத்தில் மெல்லிய படலமாக 163 பாகை அடுப்பில் வைத்து, முதிரவைத்து, மறுபடி அளக்கிறோம்.

அளவு வராவிட்டால் என்ன செய்வது? பல வேலைத்தளங்களில் ஊசி அளவும் மென்மையாகும் வெப்பநிலையும் மட்டுமே கிடைக்கும். பின்னது, வளையத்தில் வார்த்த தாரின் மேல் மூன்றரைக் கிராம் உருக்குக் குண்டை வைத்துச் சூடாக்கி, தார் இளகிக் குண்டு கீழே தொடும் வெப்பநிலையைப் பார்ப்பது. இவற்றிலிருந்தும் பாகுநிலையைக் கணிக்கலாம். மென்மையாகும் வெப்பநிலையில் சாதாரணத் தாரின் பாகுநிலை 13 இலட்சம் சென்டிபாய்ஸ் என்று எடுத்துக்கொள்வார்கள். ஊசி அளவு 65 என்றால் 25 பாகையில் ஏறத்தாழ 26 கோடி. அமெரிக்க வீதி வடிவமைப்பு வழிகாட்டியிலும் இந்தத் தொடர்புகள் இருக்கின்றன. இரண்டு புள்ளி கிடைத்துவிட்டது, கோட்டை இழுத்தால் சரி என்று தோன்றும்.

இழுத்துப் பாருங்கள். மென்மையாகும் வெப்பநிலை 49 என்றால் 135 பாகையில் 200 சென்டிபாய்ஸ் வருகிறது. கலக்கும் சூடு 138. அதே தாருக்கு 51 என்று வாசித்திருந்தால் 340 வருகிறது. கலக்கும் சூடு 149. இரண்டு பாகை வித்தியாசம் இரண்டு ஆய்வுகூடங்களுக்கு நடுவே சாதாரணமாக வரக்கூடியது. தண்ணீரைச் சூடாக்கும் வேகம் கொஞ்சம் மாறினாலே வரும். அது 11 பாகையாகப் பெருத்துவிட்டது. காரணம், இரண்டு புள்ளிகளும் 25க்கும் 51க்கும் இடையே நெருங்கிக் கிடக்கின்றன. நாமோ 150க்கு நீட்டுகிறோம். கிட்டக் கிட்டக் கிடக்கும் இரண்டு புள்ளிகளில் ஒன்று இம்மியளவு அசைந்தால் தூரத்தில் கோடு முழங்கணக்கில் அசையும். 60க்கும் 135க்கும் நடுவே நின்று 97.5ஐக் கேட்பது கணிப்பு. 51இல் நின்று 150ஐக் கேட்பது ஆசை.

மலைப்பக்கம் போனால் வேறொரு கணக்கு. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறும் பாதையில் காற்று ஓயாது. ஒரே மாவட்டம், ஒரே தார். ஆனால் விரித்த கலவை அங்கே கண்ணெதிரே ஆறும். நம் முதல் தாருக்கு 150 பாகையில் 190, 130இல் 525, 110இல் 1,840, 100இல் 3,900. 150இலிருந்து நாற்பது பாகை இறங்குவதற்குள் ஏறத்தாழ பத்து மடங்கு. இந்த நான்கு எண்களை ஒரு அட்டையில் எழுதி றோலர் ஓட்டுநரிடம் கொடுத்தேன். அதன் பிறகு அவர் விரிக்கும் இயந்திரத்தைவிட்டு விலகவே இல்லை. வெப்பநிலைப் பட்டியல் ஏற்கெனவே அவரிடம் இருந்தது. சூடு குறைவது எவ்வளவு வேகமாய்த் தடிப்பாக மாறுகிறது என்பதுதான் அதில் இல்லை.

பொலிமர் கலந்த தாருக்கு இந்த வரைபு கைகொடுக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதன் பாகுநிலை சுழற்றும் வேகத்தோடு மாறும். 170ஐத் தேடிப் போனால் தாரைக் கருக்கும் சூட்டில் கொண்டுபோய் விடும். அங்கே தயாரிப்பாளர் சொல்லும் வெப்பநிலையைத்தான் பின்பற்ற வேண்டும்.

இந்தியா 2006இல் தன் தார்த் தரநிர்ணயத்தை ஊசி அளவிலிருந்து பாகுநிலைக்கு மாற்றியது. நம் 60/70க்குக் கிட்டத்தட்ட ஈடான விஜி-30 தாருக்கு 60 பாகையில் குறைந்தது 2,400 பாய்ஸ் (2,40,000 சென்டிபாய்ஸ்), 135 பாகையில் குறைந்தது 350 சென்டிஸ்டோக்ஸ் இருக்க வேண்டும். வெயிலில் ஒரு புள்ளி, கலவைச் சூட்டுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. நல்ல தூரத்தில் நிற்கும் இரண்டு புள்ளிகள். நடுவே எதையும் துணிந்து கணிக்கலாம், கொஞ்சம் வெளியேயும் போகலாம். மூல எண்ணெய் அடிக்கடி மாறும் ஒரு தீவுக்கு இது இன்னும் அவசியம். முத்திரையில் 60/70 இருந்துவிட்டுப் போகட்டும். கொள்வனவு செய்கிறவர்கள் ஒவ்வொரு சரக்கோடும் அந்த இரண்டு எண்களையும் கேட்டு வாங்கினால் போதும். செலவு இரண்டு பரிசோதனைக்குரியது. பிழைத்தால் கிண்டி எடுக்க வேண்டியது முழு றோட்டு.

என்னிடம் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். பாகுநிலை எண் எதை எழுதினாலும் பக்கத்தில் நான்கு விடயம் இருக்க வேண்டும்: எத்தனை பாகையில், எந்தக் கருவியில், மாதிரி எப்படி வந்தது, அளந்ததா கணித்ததா. கணித்தது என்றால் எந்த இரண்டு புள்ளிகளிலிருந்து என்றும் எழுத வேண்டும். இடம் போதாது என்று முனகுவார்கள். படிவத்தை அகலமாக அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன்.